பூமணியின் சேலைத் தலைப்பு

சுருவில்,
02.04.1990

அன்புள்ள எமிலிக்கு,

நத்தார் பண்டிகைக்கு என்னிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை, பொங்கலுக்கு உம்மிடமிருந்து ஒன்று என்று இத்தனை வருடமாகக் கையெழுத்தை மட்டும் அனுப்பிப் பழகிவிட்டோம். இன்று முழுத்தாளை முன்னால் வைத்ததும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சுகம் விசாரித்து வளர்த்திக்கொண்டு போகலாம். ஆனால் நான் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். மறைத்தால் நீர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்.

'கடைசி லோஞ்ச்' நாடகத்தை மறுபடியும் போடப் போகிறார்கள். அதை எழுதிய பஸ்ரியாம்பிள்ளை மாஸ்டர் மோசம்போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் நினைவாக, அந்தோனியார் திருநாள் முடிந்து வரும் சனிக்கிழமை, ஊர்காவற்துறையில் அன்று போட்ட அதே வளவில். இந்தியன் ஆமியும் போய்விட்டது, சனம் கொஞ்சம் மூச்சு விடுகிறது. பழைய ஆட்களே நடிக்க வேண்டுமென்று நாடக மன்றத்துப் பெடியள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கதிரேசுவாக என் வீட்டுக்காரர். பூமணியாக, அன்று போலவே, உம்முடைய அண்ணை மரியநாயகம். மீசையை எடுக்க அவர் சம்மதித்துவிட்டார். உம்முடைய மச்சாள் சூசையம்மாதான் இன்னும் சம்மதிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இளம் ஆசிரியைகளுக்குக் கதை தெரியாது. இடைவேளையில் நான்தான் சொல்கிறேன். ஒரு நாள் வேலையாகத் தீவுக்கு வந்த கிளாக்கர் கதிரேசு, இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பூமணியைக் கண்ட பிறகு தினமும் ஊர் திரும்பும் கடைசி லோஞ்ச் படகைத் தவற விடுகிறான். ஒரு நாள் குடையைக் காணவில்லை, ஒரு நாள் செருப்பு அறுந்துவிட்டது, ஒரு நாள் டிக்கட்டை ஆடு தின்றுவிட்டது. முடிவில் பூமணிக்கு வேறூரில் கலியாணம் முற்றாகி, அந்த லோஞ்சில் அவளே ஏறிப் போய்விடுகிறாள். அவன் குடையுடன் நிற்கிறான். "பிறகு?" என்று கேட்கிறார்கள். பிறகு ஒன்றும் இல்லை என்றால் நம்புகிறார்கள் இல்லை.

அன்னபூரணம் மாமி இப்போதே பாயை உதறி வெயிலில் போட்டிருக்கிறா. "முன்னுக்கு இருந்தாத்தான் எனக்குக் கண் தெரியும். பிள்ளை, மரியநாயகத்தின்ரை வண்டி வயித்தைப் பாத்தனியோ? பூமணிக்கு இது எத்தினையாம் மாசம்?" என்று ஒழுங்கையால் போகிற எல்லாரிடமும் கேட்கிறா.

இனிக் காரியம். பூமணி உடுத்த சேலை உம்முடையது. மாம்பழ நிறம், சிவப்புத் தலைப்பு. பெண் வேஷக்காரர் ஊரில் சேலை இரவல் வாங்குவது வழக்கம். உம்முடைய அண்ணை தங்கச்சியின் சேலையை உடுத்தார், அதில் பிழை ஒன்றும் இல்லை. மாம்பழ நிறத்தில் என்னிடமும் ஒன்று இருக்கிறது. இவரிடம் எடுத்துக் காட்டினேன். "அது வேறை, இது வேறை. எமிலிக்கு எழுதுமன். நீர்தானே சிநேகிதி" என்றார்.

இருபத்து மூன்று வருடமாக ஒரு ஆண்பிள்ளை ஒரு சேலையின் நிறத்தை நினைவில் வைத்திருக்கிறார். எங்கள் கூறைச் சேலையின் கரை என்ன நிறம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சிவப்புத்தானே" என்றார். மஞ்சள்.

சேலை இருந்தால் அனுப்பும். இல்லையென்றால் இல்லையென்று ஒரு வரி எழுதும். அதுவும் போதும்.

அன்புடன்,
சறோஜினிதேவி


கொட்டாஞ்சேனை,
18.04.1990

அன்புள்ள சறோ,

"இல்லையென்று எழுதும், அதுவும் போதும்" என்ற இடத்தில் உம்முடைய பேனை கொஞ்சம் அழுத்தியிருக்கிறது. தாளின் மறுபக்கத்தில் தடவிப் பார்த்தேன்.

சேலை இருக்கிறது.

நான் அதை உடுப்பதில்லை. வோர்ட்டில் வெள்ளையைக் கட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு மாம்பழ நிறம் எதற்கு? ஆனால் எண்பத்து மூன்று ஆடியில் இந்த வீட்டை விட்டு ஓடியபோது நான் தூக்கிய பையில் அது இருந்தது. ஏன் என்று கேட்காதேயும். கையில் அகப்பட்டதை எடுத்தேன். அந்தப் பையுடன் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கி, ஊர்காவற்துறையில் அண்ணை வீட்டில் அடுத்த பொங்கல் வரை இருந்தேன்.

ஊர்காவற்துறையிலிருந்து சுருவில் எவ்வளவு தூரம், சறோ? சைக்கிளில் வந்தால் வியர்க்க முதல் வந்துவிடலாம். ஹொஸ்டலில் ஒரு கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். கொழும்பில் கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்ட ஒருத்தி அத்தனை மாதம் அங்கே இருந்தாள். நீர் வந்து பார்க்கவில்லை. உம்முடைய வீட்டுக்காரர் வந்தார். ஒரு சாக்கு அரிசியைப் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு, "சறோ தந்துவிட்டவ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில்கூட இருக்காமல் போனார். நீர் தந்துவிடவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நீர் தந்துவிட்டிருந்தால் ஒரு துண்டில் நாலு வரி எழுதி வைத்திருப்பீர்.

சூசையம்மா மச்சாளும் எழுதியிருக்கிறா. "இந்த வயதில் மீசையில்லாத மனுஷனோடு கோயிலுக்கு எப்படிப் போறது?" என்று கேட்கிறா. நாடகத்துக்கு நெடுந்தீவிலிருந்தும் சனம் வரப் போகிறதாம். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆடு டிக்கட்டைத் தின்னும் கட்டத்தை நினைத்து நேற்று நோயாளிக்கு முன்னால் சிரித்துவிட்டேன்.

சேலையை அனுப்புவேன். அதற்கு முதல் ஒன்று. என்னோடு உமக்கு என்ன கோபம்? அதை எழுதும்.

எமிலி


சுருவில்,
27.04.1990

எமிலிக்கு,

அரிசிச் சாக்கு பற்றி எனக்குத் தெரியாது. உம்முடைய கடிதம் வந்த அன்று இவர் கிணற்றடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைப் பூமணியாக நினைத்துப் பேசுகிறார். தலைக்குக் கறுப்பு மை பூசத் தொடங்கியிருக்கிறார். கேட்டேன்.

"சனம் கப்பலிலை வந்து இறங்குது. அரிசி குடுக்கிறதுக்கு உம்மட்டைக் கேட்டுக்கொண்டே நிக்கிறது?" என்றார்.

"பிறகெதுக்கு நான் தந்துவிட்டதெண்டு சொன்னனீங்கள்?"

"நீர் தந்துவிட்டிருக்க வேணும். அதாலை சொன்னனான்."

வாளியை எடுத்துக் கிணற்றுக்குள் விட்டேன்.

கோபம் என்னவென்று கேட்டிருந்தீர். கோபம் என்று சொல்லலாமோ தெரியாது. அன்று நாடகத்தில் இவர் ஒரு வசனம் சொன்னார். மாஸ்டர் எழுதாத வசனம். முதல் நாட்களில் மேடைக்குப் பக்கத்தில் இருந்து ஒத்திகை எல்லாம் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். பூமணி தேத்தண்ணியை நீட்டுகிறாள், லோஞ்ச் ஊதுகிறது. இவர் குடையை மடித்துக்கொண்டு, "உந்த மாம்பழக் கலர்ச் சீலையை எங்கை கண்டாலும் நான் லோஞ்சை விட்டிடுவன், பூமணி" என்றார். வளவே சிரித்தது. அன்னபூரணம் மாமி என் தொடையில் அடித்தடித்துச் சிரித்தா. எங்களுக்குக் கலியாணப் பேச்சுக்கால் முற்றாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

நான் உம்மைப் பார்த்தேன். மேடையின் ஓரத்தில், சேலைக்குக் குத்தும் ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு நின்றீர். எல்லாரும் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தீர்.

நீர் சிரித்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

அடுத்த வருடம் நீர் கொழும்புக்கு வேலைக்குப் போனீர், இவர் என் கழுத்தில் தாலி கட்டினார். நல்ல மனுஷன். குடிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, பிள்ளைகளை நன்றாகப் படிப்பித்தார். ஆனால் நாடகம் முடிந்த பிறகு கதிரேசுவுக்கு என்ன நடந்தது என்று எவராவது கேட்டால், எனக்குள் ஒன்று சுருக்கென்கிறது. அந்தப் 'பிறகு' நான்தானோ? பூமணி போன பிறகு, வேறு லோஞ்ச் இல்லாததால் கதிரேசு வீட்டுக்கு நடந்து வந்த பாதையில் நின்றவளோ நான்?

இதை அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. உமக்கு எழுதிவிட்டேன். சேலையை அனுப்பினாலும் சரி, விட்டாலும் சரி.

சறோ


கொட்டாஞ்சேனை,
06.05.1990

சறோ,

பட்டதாரி ஆசிரியை நீர். இருந்தும் இவ்வளவு மண்டூகமா?

அந்த நேரம் நீர் என்னைப் பார்த்தீர். நான் அவரைப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற எனக்கு அவருடைய கண் நன்றாகத் தெரிந்தது. அவர் அண்ணையையும் பார்க்கவில்லை, சேலையையும் பார்க்கவில்லை. அண்ணையின் தோளுக்கு மேலால் பெண்கள் பக்கம் பார்த்தார். நீர் இருந்த பாயின் பக்கம். சீலை, பூமணி எல்லாம் வாயில்தான். கண் வேறெங்கோ. அதைக் கண்டுதான் நான் தலையைக் குனிந்தேன்.

இதற்கு மேலும் எழுதுகிறேன், நீரும் எழுதினீர்தானே. எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அவர் மன்றத்துக்கு வரும்போதெல்லாம் தண்ணீர்ச் செம்பு என் கையால்தான் போகும். அவ்வளவுதான். அவர் ஒன்றும் கேட்டதில்லை. நீங்கள் சைவம், நாங்கள் வேதக்காரர், கேட்டாலும் எங்கள் அப்பு அரிவாளோடுதான் வந்திருப்பார். ஆனால் கேட்டிருந்தால் 'மாட்டேன்' என்று சொன்ன கதையாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதுவும் இல்லை.

அந்த வசனமும் உமக்குத்தான், மனுஷனும் உமக்குத்தான். இரண்டையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, சேலை மட்டும் வைத்திருக்கிற என்னோடு எரிச்சல்படுகிறீர். எனக்குச் சிரிப்பதா, உம்முடைய காதைப் பிடித்துத் திருகுவதா என்று தெரியவில்லை. எண்பத்து மூன்றில் ஒரு நாள், வேலணைச் சந்தையடியில் நீங்கள் இருவரும் ஒரு சைக்கிளில் போனதைக் கண்டேன். நீர் காணவில்லை. நான் மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

சேலையை எங்கள் பகுதி அரியநாயகம் வசம் கொடுத்து விடுகிறேன், யாழ்தேவி ரயிலில் வருகிறார். துவைத்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு மடிப்பையும் கையால் இழுத்துப் பார்த்தேன். ஒரு நூல் போகவில்லை.

நாடகம் பார்க்க நானும் வரலாம். அண்ணை கூப்பிட்டுவிட்டார். அதற்காக வரமாட்டேன். நீர் கூப்பிடும்.

எமிலி


சுருவில்,
20.05.1990

அன்புள்ள எமிலி,

சேலை வந்தது.

நீர் எழுதியதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். சமாதானப்படுத்த எழுதினீரோ என்றும் நினைத்தேன். நீர் பொய் சொல்லத் தெரியாதவள், ஆனால் நோயாளியிடம் சொல்லும் பொய் எல்லா நேர்ஸ்மாருக்கும் தெரியும். கடைசியில் அவரிடமே கேட்டேன். சோறு போட்டுக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "அண்டைக்கு அந்தச் சீலை வசனம் சொல்லேக்கை எங்கை பாத்தனீங்கள்?" என்றேன்.

"எந்த வசனம்?"

சொன்னேன்.

"ஓ, அதுவோ! எனக்கு வசனம் மறந்து போச்சு. மாஸ்டர் நாடகக் கொப்பியோடை பொம்பிளையளின்ரை பக்கத்திலை, லைற்றடியிலை நிண்டவர். எடுத்துத் தருவாரெண்டு அவரைப் பாத்தன். அந்தாள் வாயைப் பிளந்துகொண்டு நாடகம் பாக்குது. வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். நல்லாய் எடுபட்டுது, என்ன?" என்று சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னார்.

இப்போது மூன்று கதை. நான் கண்டது ஒன்று, நீர் கண்டது ஒன்று, அவர் சொல்வது ஒன்று. நீர் சொன்னதை நம்பத்தான் எனக்கு ஆசை. அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது. மாஸ்டரும் இல்லை, கேட்கலாமென்றால்.

ஒத்திகைக்கு உம்முடைய அண்ணைக்குச் சேலை உடுத்திப் பார்த்தோம். சுற்றிவர ஒரு சுற்று, அதோடு முக்கால் சேலை முடிந்துவிட்டது. முன்னால் கொய்யகம் மடிக்கத் துணி இல்லை. நாலு மடிப்பு வரவேண்டிய இடத்தில் ஒன்று. "மூச்சை உள்ளுக்கு இழுங்கோ" என்றா சூசையம்மா. "இழுத்தா வசனம் எப்பிடியடி பேசுறது?" என்றார் அவர். மீசையை எடுத்துவிட்டார். சூசையம்மா அவருடைய முகத்தைப் பார்க்காமல், சேலையைப் பார்த்துத்தான் பேசுகிறா.

அதோடு, தலைப்பு ஒரு மடிப்பில் கிழிந்திருக்கிறது. பழைய பட்டு, பெட்டிக்குள் கிடந்தால் அப்படித்தான். ஆகவே சிவப்புத் தலைப்பை எடுத்துவிட்டு, என்னுடைய மாம்பழ நிறச் சேலையில் பாதியை வெட்டி அதில் பொருத்தித் தைத்திருக்கிறேன். நீளமும் காணும், கிழிசலும் தெரியாது. பச்சைக் கரைத் தலைப்பு. தூரத்தில் பார்த்தால் ஒரே சேலைதான். அவரிடம் காட்டினேன். "அதுதானே இது" என்றார்.

ஊர்ச் சனத்துக்கு வேறு பேச்சே இல்லை. பாய் போடுகிற இடத்துக்கு அன்னபூரணம் மாமிக்கும் சின்னாச்சிக்கும் இப்போதே சண்டை. உம்முடைய அண்ணையைக் கண்டால் சின்னப்பிள்ளைகள், "பூமணி, ஒரு தேத்தண்ணி!" என்கிறார்கள்.

நீர் வருவதென்றால் வாரும். எங்கள் வீட்டில் தங்கலாம்.

சறோ


கொட்டாஞ்சேனை,
03.06.1990

என்னருமைச் சறோ,

தலைப்பு நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது.

பட்டு மடிப்பில் கிழிந்தால் நூல் நூலாகப் பிரியும். ஒரே நேர்கோட்டில் கிழியாது. அண்ணை எழுதியிருக்கிறார், "நேராய்க் கிழிஞ்சிருக்கு, கத்தரியாலை வெட்டினது மாதிரி" என்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சத்திரசிகிச்சையறையில் வேலை செய்தவள் நான். எது தானாகக் கிழிந்தது, எது கிழிக்கப்பட்டது என்று எனக்குப் பழக்கம்.

ஆனால் பாரும், தலைப்பு உம்முடையதென்றால் கொய்யகம் என்னுடையது. மேடையில் நடக்கும்போது அசைவது அதுதான்.

லீவு எடுத்துவிட்டேன். பதினாலாம் திகதி வியாழக்கிழமை யாழ்தேவி. உம்முடைய வீட்டில்தான் தங்குவேன், குசினிக்குப் பக்கத்து அறையைத் தாரும். இவ்வளவு காலமும் நீர் என்னைக் கூப்பிட்ட அழகுக்கு "வருவதென்றால் வாரும்" போதும்.

ஒரு பாயில் இருப்போம். அந்த வசனம் வரும்போது நீர் என்னைப் பார்க்கக் கூடாது, நானும் உம்மைப் பார்க்க மாட்டேன். இருவரும் அவருடைய கண்ணை மட்டும் பார்ப்போம். எங்கே போகிறதென்று ஒருமிக்கப் பார்த்துவிட்டால் மூன்று கதையும் முடிந்துவிடும். மன்றத்துப் பெடியனிடம் சொல்லிக் கொப்பியோடு நிற்பவரை ஆண்கள் பக்கம் விடச் சொல்லும்.

எமிலி


யாழ்ப்பாணம்,
20.01.1991

அன்புள்ள எமிலி,

வவுனியா தாண்டிக் கொழும்புக்கு வரும் ஒருவரின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். ஆனியில் நீர் வெளிக்கிட்டீரோ, எந்த இடத்தோடு திரும்பினீரோ எனக்குத் தெரியாது. சண்டை தொடங்கிய செய்தி வந்த அன்று உமக்காக அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பாதை பூட்டிவிட்டது, நாடகமும் இனி இல்லை என்று இவர் வந்து சொன்னார். கூட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆவணியில் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். இப்போது நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். உம்முடைய அண்ணை குடும்பமும் நாங்களும் ஒரே வகுப்பறை. எல்லாரும் சுகம். அன்னபூரணம் மாமியும் இருக்கிறா, பாயோடு. ஓடும்போது நான் தூக்கிய பையில் அந்தச் சேலை இருந்தது. ஏன் என்று கேட்காதேயும். கையில் அகப்பட்டதை எடுத்தேன்.

இங்கே அதுதான் எங்களுக்குச் சுவர். கயிற்றில் போட்டு அறையை இரண்டாக்கியிருக்கிறோம். உம்முடைய பக்கம் உம்முடைய அண்ணை வீட்டுக்கு, தலைப்புப் பக்கம் எங்களுக்கு.

பொங்கலன்று பின்னேரம் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டோம் என்று நின்றார்கள். "கடைசி லோஞ்ச்தானே, போடுவம்" என்றார் இவர். மேடையுமில்லை, வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்குகள். கயிற்றிலிருந்து சேலையை இழுத்து எடுத்து உம்முடைய அண்ணைக்கு நானும் சூசையம்மாவும் உடுத்தினோம். எமிலி, அவருடைய வண்டி வயிறு போய்விட்டது. கொய்யகத்துக்குத் துணி தாராளம், மடித்து மடித்து முடியவில்லை. "இப்பதான் பூமணிக்குப் பிள்ளை பிறந்திருக்கு!" என்று மாமி கத்தினா. அவ்வளவு நாளும் சிரிக்காத சனம் எல்லாம் சிரித்தது. உம்முடைய அண்ணையும் சிரித்தார். சூசையம்மா மட்டும் முந்தாணையால் முகத்தைத் துடைத்தா.

ஆடு டிக்கட்டைத் தின்றது. லோஞ்சுக்குப் பதிலாக ஒரு பெடியன் சங்கு ஊதுவது போல் வாயால் ஊதினான். நான் முன் வரிசையில் மாமியின் பாயில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டிருந்தேன். சின்னாச்சி வந்து இருக்கப் பார்த்தா, "ஆள் வருது" என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடம் வந்தது. பூமணி தகரப் பேணியை நீட்டினாள். இவர் குடையை மடித்தார். கொப்பியோடு நிற்க மாஸ்டர் இல்லை, கொப்பியும் ஊரோடு போய்விட்டது. ஆகவே மாஸ்டரைப் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு இனி வழியில்லை. "உந்த மாம்பழக் கலர்ச் சீலையை எங்கை கண்டாலும்" என்று தொடங்கினார்.

நான் வேறெதையும் பார்க்கவில்லை, எமிலி. நீர் சொன்னபடி, அவருடைய கண்ணை மட்டும் பார்த்தேன். எங்கே போனதென்று நன்றாகக் கண்டேன்.

அதை எழுதமாட்டேன். எழுதச் சொல்லிக் கேட்டுக் கடிதம் போடாதேயும். பாதை திறந்ததும் வந்து என் பக்கத்தில் இருந்து கேளும். கடிதத்தில் எழுதிவிட்டால் நீர் வரமாட்டீர்.

உம்முடைய,
சறோ